மழை நாட்களில் பொலோன்யா: குடும்பத்துடன் செல்பவர்களுக்கு

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் கடைசி வாரத்தில் இத்தாலியின் பொலோன்யா நகரில் மூன்று நாட்கள் தங்குவதற்கு அறை எடுத்திருக்கிறீர்கள். உடன் வருபவர்கள் முழங்கால் வலியுள்ள மாமியார், சைவ உணவை மட்டுமே உண்ணும் மாமனார், 9 வயது மகள், 5 வயது மகன். முன்னறிவிப்பு மூன்று நாட்களுக்கும் மழை என்று காட்டுவதால், அறையை விட்டுவிட்டு வெனிசுக்கோ ஃப்ளோரன்சுக்கோ மாறிக்கொள்ளலாமா என்று கேட்கிறீர்கள். மாற வேண்டாம் என்பதே என் பதில். அந்த நகரில் சில ஆண்டுகள் தங்கிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழைக்காலத்தில் முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு இத்தாலியில் ஒரு பழைய நகரத்தைச் சுற்றிப்பார்க்க வேண்டும் என்றால், பொலோன்யாவைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரிந்து இல்லை.

நீங்கள் குறிப்பிட்ட இரண்டு நகரங்களையும் எடுத்துக்கொள்வோம். வெனிசில் இலையுதிர்காலமும் குளிர்காலமும் கடல்நீர் உயரும் பருவம். 2020 முதல் இயங்கும் மோசே தடுப்புக் கதவுகள் பெரிய வெள்ளங்களைத் தடுத்துவிடுகின்றன என்றாலும், அங்கே நூறு மீட்டர் நடப்பதற்குள் ஒரு பாலம் குறுக்கிடும். ஒவ்வொரு பாலத்துக்கும் ஏறப் படிகள், இறங்கப் படிகள். நனைந்த படிகளில் உங்கள் மாமியார் மூன்று நாட்கள் ஏறி இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃப்ளோரன்சில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் கூரைக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூரையை அடைவதற்கான வரிசை வெட்டவெளியில் நிற்கிறது. நடைபாதைகள் குறுகலானவை, இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒருவர் சாலையில் இறங்கியாக வேண்டும்.

மழையின் தன்மையையும் சொல்ல வேண்டும். நம் ஊர் ஐப்பசி அடைமழையை மனத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் பயந்திருக்கலாம். போ ஆற்றுச் சமவெளியின் தெற்கு விளிம்பில், அப்பெனைன் மலைகளின் அடிவாரத்தில் இருக்கும் பொலோன்யாவில் அக்டோபர் மழை பெரும்பாலும் மணிக்கணக்கில் நீளும் மெல்லிய தூறல். கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. காலையில் தொடங்கினால் மாலைவரை நசநசவென்று பெய்துகொண்டே இருக்கும். வெப்பநிலை பகலில் 15 பாகை செல்சியசை ஒட்டியும் இரவில் 10 பாகையை ஒட்டியும் இருக்கலாம். அங்கே தொல்லை தருவது நனைதலைவிட ஈரக் குளிர்தான். நனைந்த காலுறையோடு ஐந்து வயதுப் பிள்ளை அரை மணி நேரத்துக்கு மேல் தாங்காது. அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உலர்ந்த காலுறையைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். பொலோன்யாவின் தெருக்களில் வீடுகளின் முன்பகுதி தூண்களின் மேல் நிற்கிறது. அந்தத் தூண்களுக்கும் கடைகளுக்கும் இடையே பொதுமக்கள் நடப்பதற்கான தாழ்வாரம் ஓடுகிறது. போர்ட்டிகோ என்று அழைக்கப்படும் இந்தத் தாழ்வாரங்கள் நகராட்சி எல்லைக்குள் மொத்தம் 62 கிலோமீட்டர் நீளம் கொண்டவை. அவற்றில் பெரும்பகுதி பழைய நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. யுனெஸ்கோ 2021ஆம் ஆண்டு இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கூரையின் கீழ் நடந்தே நகரத்தின் பெரும்பாலான இடங்களுக்குப் போய்விடலாம். குறுக்குத் தெருக்களைக் கடக்கும்போதுதான் குடை தேவைப்படும்.

இவை எப்படி உருவாயின என்பதை உங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். கேட்டால் ஒவ்வொரு தூணையும் நின்று பார்ப்பாள். ஐரோப்பாவின் மிகப் பழைய பல்கலைக்கழகமாகக் கருதப்படுவது இங்குதான் இருக்கிறது. மரபாக அதன் தொடக்கம் 1088 என்று சொல்வார்கள். மாணவர்களும் கைவினைஞர்களும் வந்து குவிந்தபோது வீடுகளில் இடம் போதவில்லை. வீட்டுக்காரர்கள் மாடியை மரச்சட்டங்களின் மேல் தெருப்பக்கம் நீட்டினார்கள். நீட்டிய பகுதி சரியாமல் இருக்கக் கீழே மரத்தூண்களை நட்டார்கள். பல ஊர்களின் ஆட்சியாளர்கள் இத்தகைய நீட்டல்களை இடிக்கச் சொன்னபோது, பொலோன்யா நேர்மாறாக ஒரு முடிவெடுத்தது. 1288ஆம் ஆண்டின் நகரச் சட்டம், புதிதாகக் கட்டும் வீடுகள் தாழ்வாரத்துடனேயே இருக்க வேண்டும் என்றும், குதிரையில் ஏறியவன் தலை இடிக்காமல் போகும் அளவுக்கு அது உயரமாக இருக்க வேண்டும் என்றும் விதித்தது. நிலமும் பராமரிப்புச் செலவும் வீட்டுக்காரருடையவை. நடக்கும் உரிமை ஊராருடையது. தனியாருக்கு மாடியில் இடம், ஊருக்குக் கீழே நிழல் என்ற இந்த ஏற்பாட்டை நகரத் திட்டமிடலில் நான் கண்ட புத்திசாலித்தனமான பேரங்களில் ஒன்றாகவே நினைக்கிறேன். மரத்தூண்களைக் கல்லாகவோ செங்கல்லாகவோ மாற்ற 1568இல் ஆணை வந்தது. அதற்கும் தப்பிய சில மரத்தூண்களை ஸ்த்ராதா மஜ்ஜோரே தெருவில் இருக்கும் காசா இசோலானி வீட்டில் இன்றும் பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த ஓக் மரத் தூண்கள் ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில் மூன்றாம் மாடியைத் தாங்குகின்றன. அதன் கூரைச் சட்டங்களில் மூன்று அம்புகள் செருகி நிற்கின்றன என்பது ஊர்ப்பேச்சு. அண்ணாந்து தேடும் வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் அமைதி கிடைக்கும்.

தாழ்வாரம் இருக்கிறதே என்று கவனக்குறைவாகவும் இருந்துவிடக் கூடாது. பல தாழ்வாரங்களின் தளம் சலவைக்கல் துண்டுகளைப் பதித்து இழைத்த மொசைக் தளம். நூற்றாண்டுகளாகத் தேய்ந்து கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்கும். வெளியிலிருந்து வருபவர்களின் செருப்பும் குடையும் சொட்டுவதால், குறுக்குத் தெருவிலிருந்து தாழ்வாரத்துக்குள் காலடி வைக்கும் முதல் இரண்டு மூன்று மீட்டர்தான் மிகவும் வழுக்கும். மாமியாருக்கு ரப்பர் அடித்தளம் கொண்ட, பிடிப்புள்ள காலணி கட்டாயம் தேவை; தோல் அடித்தளம் வேண்டவே வேண்டாம். அடுத்தடுத்த வீடுகளின் தாழ்வாரங்கள் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. இரண்டு படி, மூன்று படி திடீரென்று வரும். மகனுக்குத் தள்ளுவண்டி கொண்டுவருவதானால் மடக்கித் தூக்கக்கூடிய இலகுவான வண்டியாக இருக்கட்டும். பெரிய குடையைவிட ஒரே அழுத்தில் மடங்கும் சிறிய குடை நல்லது. தாழ்வாரத்துக்குள் குடையை விரித்தபடி நடப்பதை ஊர்க்காரர்கள் ரசிப்பதில்லை.

முதல் நாளை நகர மையத்தில் இருக்கும் மஜ்ஜோரே சதுக்கத்தைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்திலிருந்து அங்கு செல்லும் இந்திபெந்தென்சா தெரு ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். வழிநெடுகத் தாழ்வாரம் இருப்பதால் பெட்டிகளை இழுத்துக்கொண்டே நனையாமல் வந்துவிடலாம். சதுக்கத்தின் வடக்கே இருக்கும் பொதெஸ்தா மாளிகையின் அடியில் இரண்டு பாதைகள் குறுக்கிடும் ஒரு வளைவுமண்டபம் இருக்கிறது. அதன் நான்கு மூலைகளில் ஒன்றில் மகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்து, எதிர்மூலையில் நீங்கள் நின்று மெதுவாகப் பேசுங்கள். கவிந்த கூரை ஒலியை வளைத்துக் கொண்டுபோய் அவள் காதில் சேர்க்கும். நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் கேட்காது. மழையில் அடைபட்ட குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு அந்த ஊரில் இல்லை, கட்டணமும் கிடையாது.

சதுக்கத்தின் தெற்கே நிற்பது சான் பெத்ரோனியோ பேராலயம். 1390இல் தொடங்கிய இந்தக் கட்டடத்தின் முகப்பில் கீழ்ப்பாதிக்கு மட்டும் சலவைக்கல் பதித்திருக்கிறார்கள். மேல்பாதி இன்றுவரை வெறும் செங்கல். 132 மீட்டர் நீளமுள்ள உட்புறத்தின் இடப்பக்கத் தரையில் ஒரு கோடு சாய்வாக ஓடுவதைக் காண்பீர்கள். வானியலர் ஜொவான்னி தொமெனிகோ காசினி 1655இல் அமைத்த நண்பகல் கோடு இது. ஏறத்தாழ 67 மீட்டர் நீளம். 27 மீட்டர் உயரத்தில் கூரையில் இட்ட சிறு துளை வழியாக விழும் சூரிய வட்டம், நண்பகலில் அன்றைய தேதிக்குரிய இடத்தில் இந்தக் கோட்டைக் கடக்கும். ஈஸ்டர் நாளைக் கணிக்க நாட்காட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது தேவாலயத்தின் தேவை. அந்த வட்டத்தின் அளவு ஆண்டு முழுவதும் எப்படி மாறுகிறது என்று அளந்து, சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான தூரம் மாறுவது பற்றி வானியலர் கெப்ளர் சொன்ன கருத்துக்கு ஆதரவான சான்றைக் கண்டது காசினியின் சாதனை. சனிக் கோளின் வளையங்களுக்கு இடையிலான இடைவெளியைப் பின்னாளில் கண்டவரும் இவரே. சனிக்குப் போன விண்கலத்துக்கு இவர் பெயர்தான். மழை நாளில் சூரிய வட்டம் விழாது என்பது உண்மை. ஆனாலும் மேகம் விலகும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு மாற்றுவார்கள். அதற்கு முன் நீங்கள் அங்கிருந்தால் பிற்பகல் 1 மணியை ஒட்டியும், அதற்குப் பின் என்றால் நண்பகல் 12 மணியை ஒட்டியும் அந்த வட்டம் கோட்டைக் கடக்கும். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் அந்த நேரத்துக்கு உள்ளே போய் நின்றுகொள்ளுங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது.

பேராலயத்தை ஒட்டிய தாழ்வாரத்திலேயே தெற்கு நோக்கி நடந்தால் ஆர்கிஜின்னாசியோ வந்துவிடும். சிதறிக்கிடந்த பல்கலைக்கழக வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர 1563இல் கட்டிய கட்டடம் இது. இப்போது நகராட்சி நூலகம். சுவர், கூரை, படிக்கட்டு என்று எங்கு பார்த்தாலும் பழைய மாணவர்களின் குலச் சின்னங்கள், ஆயிரக்கணக்கில். மேல்மாடியில் 1637இல் உருவான உடற்கூறு அரங்கம் இருக்கிறது. முழுவதும் மரத்தால் இழைத்த சிறு அறை. நடுவே உடல்களை அறுத்துக் காட்டிய வெள்ளைச் சலவைக்கல் மேசை. சுற்றிலும் ஏறுவரிசையில் மாணவர் இருக்கைகள். பேராசிரியரின் இருக்கைக்கு மேலிருக்கும் விதானத்தைத் தோல் உரிக்கப்பட்ட இரண்டு மனித உருவங்கள் தாங்குகின்றன. எர்கோலே லெல்லி என்ற சிற்பி 1734இல் மரத்தில் செதுக்கியவை அவை. தொடையில் ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலால் பின்தொடரலாம். விதானத்தின் உச்சியில் உடற்கூறியலைக் குறிக்கும் பெண் உருவம் அமர்ந்திருக்கிறது. சிறகுள்ள குழந்தை ஒன்று அவளுக்குப் பூவை நீட்டுவதுபோல் ஒரு தொடை எலும்பை நீட்டுகிறது. 1944 ஜனவரி 29ஆம் நாள் விழுந்த குண்டு இந்த அரங்கத்தை நொறுக்கிவிட்டது. இடிபாடுகளிலிருந்து மரத்துண்டுகளையும் சிலைகளையும் பொறுக்கியெடுத்துப் பழையபடியே திரும்பக் கட்டினார்கள். அறை சிறியது, அனுமதி குறிப்பிட்ட எண்ணிக்கைக்குத்தான். மழை நாளில் எல்லாரும் உள்ளே நுழையப் பார்ப்பார்கள் என்பதால் முந்தைய நாளே சீட்டு வாங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாளுக்குப் பல தேர்வுகள் உண்டு. எல்லாவற்றையும் முயல வேண்டாம். சதுக்கத்தை ஒட்டிய சாலா போர்சா பழைய பங்குச் சந்தைக் கட்டடம். போருக்குப் பின் அங்கே கூடைப்பந்து ஆட்டங்கள்கூட நடந்திருக்கின்றன. 2001 முதல் அது பொது நூலகமாகச் செயல்படுகிறது. நடுக்கூடத்தின் கண்ணாடித் தளம் வழியாகக் கீழே ரோமானியர் கால நகரத்தின் சுவர்களைப் பார்க்கலாம். குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. சீரமைப்புப் பணிகளுக்காகச் சில பகுதிகளை மூடுவது உண்டு என்பதால் முன்தினமே விசாரித்துக்கொள்ளுங்கள். அருகிலேயே இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தின் எகிப்தியப் பிரிவு இத்தாலியின் நல்ல தொகுப்புகளில் ஒன்று. பொதுவாக இத்தாலியில் திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, சிலவற்றுக்குச் செவ்வாய். நவம்பர் 1 அனைத்துப் புனிதர் நாள், அரசு விடுமுறை. உங்கள் தேதிகளோடு ஒட்டி வந்தால் நேரங்களைச் சரிபார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் சாந்தா மரியா தெல்லா வீத்தா ஆலயத்துக்காக அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்வேன். சந்தைத் தெருக்களுக்கு நடுவே வெளியிலிருந்து சாதாரணமாகத் தெரியும் இந்த ஆலயத்தின் உள்ளே, நிக்கோலோ தெல்லார்கா 15ஆம் நூற்றாண்டில் சுடுமண்ணில் செய்த ஆளுயர உருவங்கள் இருக்கின்றன. இறந்து கிடக்கும் இயேசுவைச் சுற்றி நின்று அழுபவர்கள் அவர்கள். மரிய மகதலேனா வாயைப் பிளந்து கதறியபடி ஓடிவருகிறாள். அவள் முக்காடும் ஆடையும் எதிர்க்காற்றில் பின்னோக்கிப் பறக்கின்றன. மண்ணில் இப்படி ஓர் ஓட்டத்தைப் பிடித்துவைக்க முடியும் என்று பார்க்கும்வரை நம்ப மாட்டீர்கள். சின்னவன் பயப்படலாம், அவனை மட்டும் யாராவது வெளியே வைத்துக்கொள்ளட்டும். இதே சிற்பி சான் தொமெனிகோ ஆலயத்தில் புனித தோமினிக்கின் கல்லறைக்கு வேலை செய்ததால்தான் அவருக்குத் தெல்லார்கா (‘கல்லறைப் பேழையின்’) என்ற பெயரே வந்தது. அந்தக் கல்லறையில் விடுபட்டுப் போன மூன்று சிறு உருவங்களை 1494, 1495ஆம் ஆண்டுகளில் செதுக்கியவர் அப்போது இருபது வயதைத் தொட்டுக்கொண்டிருந்த மைக்கலாஞ்சலோ. அவற்றில் ஒருவர் கையில் பொலோன்யா நகரத்தின் சிறு உருவத்தை ஏந்தியிருப்பார். ஊருக்குள் வரும் அயலார் கட்டைவிரல் நகத்தில் சிவப்பு மெழுகு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற விதி தெரியாமல் வந்து மைக்கலாஞ்சலோ மாட்டிக்கொண்டதாகவும், உள்ளூர்ப் பிரபு ஒருவர் மீட்டுத் தன் வீட்டில் தங்கவைத்ததாகவும் அவர் காலத்து வரலாறு சொல்கிறது.

இரட்டைக் கோபுரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 97 மீட்டர் உயர அசினெல்லி கோபுரத்தில் 498 படிகள் ஏறலாம் என்று பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும். அதை இப்போது நம்ப வேண்டாம். பக்கத்தில் ஆபத்தாகச் சாய்ந்து நிற்கும் 48 மீட்டர் காரிசெந்தா கோபுரத்தின் அடிப்பகுதி பலவீனமாகியிருப்பது தெரியவந்ததால் 2023 அக்டோபரில் சுற்றுப்புறத்தை அடைத்துவிட்டார்கள்; பலப்படுத்தும் பணி நீண்ட காலம் பிடிக்கக்கூடியது. எதிர்த் தாழ்வாரத்தில் நனையாமல் நின்று அண்ணாந்து பார்த்தாலே போதும். அந்தச் சாய்வின்மேல் மேகம் கடக்கும்போது கோபுரமே நம்மேல் குனிவதுபோல் தோன்றும் என்று தாந்தே தம் காவியத்தின் நரகப் பகுதியில் எழுதியது இந்தக் காரிசெந்தாவைத்தான். மேகங்கள் விரையும் நாளில் நீங்களே சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் காலையை சான் லூக்கா மலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. 1433ஆம் ஆண்டு கோடையில் மழை விடாமல் பெய்து பயிர்கள் அழுகும் நிலை வந்தது. ஃப்ளோரன்ஸ் மக்கள் இத்தகைய வேளைகளில் இம்ப்ருனேத்தா ஊரின் மாதா படத்தை நகருக்குள் எடுத்துவருவதைப் போல நாமும் செய்யலாமே என்று கிராத்சியோலோ அக்காரிசி என்ற சட்ட அறிஞர் யோசனை சொன்னார். அதன்படி சான் லூக்கா மலையுச்சி ஆலயத்தில் இருந்த மாதாவின் ஓவியத்தை ஊர்வலமாகக் கீழே கொண்டுவந்தார்கள். ஜூலை 5ஆம் நாள் ஓவியம் நகருக்குள் நுழைந்ததும் மழை நின்றது என்பது மரபு. அன்றிலிருந்து ஆண்டுதோறும் ஊர்வலம் நடக்கிறது. இப்போது மே மாதத்தில். மழையை நிறுத்தும் மாதாவே மழையில் நனைந்துகொண்டு வர வேண்டியிருந்ததுதான் வேடிக்கை. அதற்காகவே 1674இல் சரகொத்சா என்ற பழைய நகர வாயிலிலிருந்து மலையுச்சிவரை ஒரு தாழ்வாரத்தைக் கட்டத் தொடங்கினார்கள். 666 வளைவுகள், ஏறத்தாழ 3.8 கிலோமீட்டர். 1677இல் கட்டுமானப் பொருட்களை மலைக்கு ஏற்ற, ஊர் மக்கள் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றியே கொண்டுசேர்த்தார்கள். பல வளைவுகளின் சுவரில், அந்த வளைவுக்குப் பணம் கொடுத்த குடும்பத்தின் அல்லது கைவினைஞர் குழுவின் பெயரைக் காணலாம்.

சரகொத்சா வாயிலிலிருந்து மெலோன்செல்லோ வளைவுவரை உள்ள முதல் பகுதி சமதளம், எல்லாரும் நடக்கலாம். அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் செங்குத்தான ஏற்றம். சாய்தளமும் படிக்கட்டுமாக மாறி மாறி வரும். மாமியார் அங்கே ஏற முயல வேண்டாம். மஜ்ஜோரே சதுக்கத்திலிருந்து உச்சிவரை சுற்றுலாச் சிறு ரயில்வண்டி ஓடுகிறது. மாமனாரும் மாமியாரும் சின்னவனோடு அதில் வரட்டும். நீங்களும் மகளும் நடந்து ஏறலாம். சாய்தளம் ஈரமாக இருந்தால் இறங்கும்போது எல்லாரும் வண்டியிலேயே வருவது நல்லது, ஏனெனில் அங்கே வழுக்குவது இறக்கத்தில்தான். ஒரு பக்கம் திறந்த தாழ்வாரம் என்பதால் காற்றோடு பெய்யும் மழை என்றால் சாரல் உள்ளே அடிக்கும். மேகம் தாழ்ந்திருந்தால் உச்சியிலிருந்து ஒன்றும் தெரியாது. பரவாயில்லை. ஏறும் வழியில் அடுத்த வளைவு மட்டும் தெரிய, அதற்கப்பால் உள்ளவை மேகத்துக்குள் மறைந்திருக்கும் நாள்தான் அந்தப் பாதைக்கு நல்ல நாள் என்பது என் கருத்து. வெயிலில் ஏறியவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். எமிலியா ரொமாஞா மாநிலத்தில் 2023 மே மாதம் பெருவெள்ளம் ஏற்பட்டது. 2024 அக்டோபர் 19ஆம் நாள் இரவு பொலோன்யாவிலேயே ராவோனே ஓடை பொங்கி மேற்குப் பகுதித் தெருக்களில் நீர் புகுந்தது. நகருக்கு அடியில் மூடிய கால்வாய்களாக ஓடும் ஓடைகள், மலையில் கனமழை பெய்தால் சில மணி நேரத்திலேயே நிரம்பிவிடும். எனவே தூறலுக்கும் கனமழைக்கும் உள்ள வேறுபாட்டை முன்னறிவிப்பில் கவனியுங்கள். மாநில நிர்வாகம் ஒவ்வொரு நாளும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் குறித்து எச்சரிக்கை வெளியிடுகிறது; விடுதி வரவேற்பில் கேட்டாலே சொல்வார்கள். பச்சையோ மஞ்சளோ என்றால் மேலே சொன்ன திட்டப்படி நடக்கலாம். ஆரஞ்சு என்றால் மலைப்பக்கம் போகாதீர்கள். சிவப்பு என்றால் அறைக்கு அருகிலேயே இருங்கள்; அடித்தளக் கடைகளையும் சுரங்கப்பாதைகளையும் தவிருங்கள்; அன்று ரயில்களும் ஓடும் என்று நம்ப முடியாது.

வெளியூர் ஒன்றும் பார்க்க ஆசை இருந்தால் ஃப்ளோரன்சைவிட ராவென்னாவைத் தேர்ந்தெடுப்பேன். ஃப்ளோரன்சுக்கு அதிவேக ரயிலில் 40 நிமிடங்கள்கூட ஆகாது, ராவென்னாவுக்கு வட்டார ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் ராவென்னாவின் செல்வமான 5, 6ஆம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்கள் முழுக்கவும் கட்டடங்களின் உள்ளே இருக்கின்றன. காலா பிளாசிதியா நினைவுமண்டபத்தின் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் மெல்லிய அலபாஸ்டர் கல்லைப் பொருத்தியிருப்பதால், எந்த வானிலையிலும் உள்ளே மங்கிய பொன்னிற ஒளிதான். கண் பழகியதும் கருநீலக் கூரையில் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெரியவரும். உள்ளே நிற்கச் சில நிமிடங்களே அனுமதிப்பார்கள், நேரம் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும்.

உணவுக்கு வருவோம். பொலோன்யா இறைச்சி உணவுக்குப் பேர்போன ஊர். மாமனார் பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கவனம் வேண்டும். பெயர் ஒலியில் நெருங்கிய, உள்ளே பூரணம் வைத்த இரண்டு பாஸ்தா வகைகளைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தோர்த்தெல்லினி சிறியது, உள்ளே பன்றி இறைச்சி, வருவதும் இறைச்சிச் சாற்றில். தோர்த்தெல்லோனி பெரியது; உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடைக்கட்டி, சில வேளைகளில் கீரையும் சேர்ந்திருக்கும். வெண்ணெயில் சேஜ் இலையைப் பொரித்து மேலே ஊற்றித் தரும் தோர்த்தெல்லோனிதான் அவருக்கு ஏற்றது. இரண்டு விவரங்களை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மாவு முட்டை சேர்த்துப் பிசைந்தது. மேலே தூவும் பார்மிஜானோ பாலாடைக்கட்டியை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைப் பயன்படுத்துகிறார்கள். இவை உங்கள் மாமனாருக்கு ஏற்புடையவையா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஏற்காது என்றால் தக்காளிச் சாறு சேர்த்த உலர் பாஸ்தா, சீஸ் இல்லாத மரினாரா பீட்சா, வதக்கிய காய்கறிகள் எங்கும் கிடைக்கும். காய்கறி சூப் என்று பட்டியலில் இருந்தாலும் அடிச்சாறு இறைச்சியுடையதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

அசைவம் சாப்பிடுபவர்கள் ராகு எனும் இறைச்சிக் குழம்பு சேர்த்த தாலியத்தெல்லேயை, அதாவது நாடா வடிவப் பாஸ்தாவை, சாப்பிடாமல் வரக் கூடாது. உலகமெங்கும் இந்த ஊரின் பெயரால் விற்கும் ஸ்பகெத்தியை இங்குள்ளவர்கள் தங்களுடையதாக ஏற்பதில்லை. வெந்த தாலியத்தெல்லேயின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்றும், அது அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்றும் 1972இல் வணிகக் கழகத்தில் முறையாகப் பதிவே செய்துவைத்திருக்கிறார்கள். மதியச் சாப்பாடு பெரும்பாலான உணவகங்களில் 12.30 முதல் 2.30 வரைதான், மழை நாளில் 1 மணிக்கெல்லாம் மேசைகள் நிரம்பிவிடும். இத்தனை பேருக்கு இடம் வேண்டும் என்பதால் காலையிலேயே தொலைபேசியில் சொல்லிவைப்பது நல்லது. இரவு உணவு 7.30க்கு முன் கிடைப்பது அரிது. சின்னவனுக்கு மாலை 5 மணிக்குக் கொடுக்க ஏதாவது கையில் வைத்திருங்கள்.

கிளம்பும் நாளில் ரயில் நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே போய்விடுங்கள். அதிவேக ரயில்கள் நிற்கும் நடைமேடைகள் தரைக்கு அடியில் பல மாடி ஆழத்தில் இருக்கின்றன. மேல் நுழைவாயிலிலிருந்து நகரும் படிக்கட்டுகளில் இறங்கி அங்குபோய்ச் சேர முதியவர்களோடு 15 நிமிடமாவது பிடிக்கும். மின்தூக்கிகள் உண்டு, ஆனால் பெட்டிகளோடு காத்திருப்பவர்கள் அதிகம். உங்கள் சீட்டில் இருக்கும் ரயில் எண்ணை மேலே உள்ள பலகையில் தேடி, நடைமேடை மேல்தளமா அடித்தளமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே இறங்குங்கள்.